செண்பகத்துக்கு மட்டும் விசா

பையை மேல வைக்க வேண்டாம் தாயி, என் காலுக்கிட்டயே கிடக்கட்டும். நீ ஜன்னல் பக்கமா நகந்து நல்லா உக்காரு. நீயும் கோவில்பட்டிதானா? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயிரலாம். என்ன பாக்க? கைப்பிடியில ஒட்டியிருக்க சீட்டையா? அது பிளேன்ல போட்டது. டொரண்டோன்னு போட்டிருக்கும். கனடா. பிச்சு எறிஞ்சிருங்க சித்தின்னு அக்கா மக சொன்னா. நான்தான் கிடந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். நாலு பேரு பார்த்தா என்ன கெட்டுப்போச்சு?

ஊர் சுத்திப் பார்க்கப் போகல தாயி. துட்டிக்குப் போயிட்டு வாரேன். எங்க அக்கா செத்துப்போனா. கோமதின்னு பேரு. அறுபத்திநாலு வயசு. நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, அங்கேயே முடிஞ்சிருச்சு.

அழுத மூஞ்சியாத் தெரியலையேன்னு நினைக்காத. அழுதாச்சு. எனக்கு இப்ப இருக்கிறது அழுகை இல்ல, ஆத்திரம். சொல்லுதேன், நியாயமா இல்லையான்னு நீயே சொல்லு. எங்க அம்மா வயித்துல மூணு பேரு. மூத்தவரு சங்கரபாண்டி அண்ணன், அடுத்து கோமதி, கடைசி நான், செண்பகவல்லி. அண்ணன் போய் ஆறு வருஷம் ஆச்சு. மிச்சம் நானும் அக்காவும்தான். அப்படின்னா அக்கா செத்ததும் முதப் போன் யாருக்கு வரணும்? எனக்குத்தானே? வரல. மதினிக்குப் போயிருக்கு. எங்க அண்ணன் பொண்டாட்டி உலகம்மாளுக்கு. அக்கா மக நித்திலா அவ அத்தைக்குப் போன் போட்டு அழுதிருக்கா. மதினி காலுல செருப்புக்கூட இல்லாம எங்க வீட்டுக்கு ஓடி வந்து, 'செண்பகம், கோமதி போயிட்டாளே'ன்னு வாசப்படியில விழுந்தா. எனக்குத் துக்கம் வாரதுக்கு முன்னாடி என்ன வந்துச்சு தெரியுமா? என் கூடப்பிறந்தவ செத்ததை நீ வந்து எனக்குச் சொல்லுதியான்னு வந்துச்சு. இதுல என்ன தப்பு?

பொறாமைன்னு சொல்லிராத. எனக்கு என்னத்துக்குப் பொறாமை? பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல இளநிலை உதவியாளராச் சேர்ந்து கண்காணிப்பாளரா வெளிய வந்தவ நான். மதினி தீப்பெட்டி ஆபீஸ்ல பெட்டி ஒட்டினவ. அஞ்சாங்கிளாஸ். அவளைப் பார்த்து நான் எதுக்குப் பொறாமைப்படணும்?

ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை ஆனா கனடாவுலேருந்து அவளுக்குப் போன் வரும். எனக்கும் வரும், இல்லைங்கல. எனக்குப் பத்து நிமிஷம். 'பிரஷர் மாத்திரை போடுதியா, உம் மகன் எப்படி இருக்கான், சரி வச்சிரட்டுமா.' மதினிக்கு ரெண்டு மணி நேரம். நான் ஒரு நாள் கேட்டே போட்டேன், 'ஏங்க்கா, அவகூட அப்படி என்னத்தப் பேசுத?' அவ சிரிக்கா. 'ஒண்ணுமில்லடி, இன்னைக்கு என்ன குழம்புன்னு பேசுவோம்.' ரெண்டு மணி நேரமா தாயி குழம்பு?

எட்டு வருஷத்துக்கு முன்னாடி நித்திலாவுக்குக் கல்யாணம். அங்கதான் வச்சாங்க. அண்ணனையும் மதினியையும் வரச்சொல்லி அக்கா கடுதாசி அனுப்பினா. தாய்மாமன் வேணும்ல, சரி. எனக்கு? 'உனக்கு லீவு கிடைக்காதே செண்பகம்.' அவளே சொல்லிட்டா. எனக்கு எத்தனை நாள் லீவு மிச்சம் கிடந்துச்சுன்னு அவளுக்குத் தெரியுமா? கூப்பிடுவா கூப்பிடுவான்னு பாஸ்போர்ட் எடுத்து வச்சிருந்தேன். ஒரு சீல் விழாம பீரோவுக்குள்ள கிடந்துச்சு. பிறகு என்னாச்சு, அண்ணனுக்கும் மதினிக்கும் விசா இல்லைன்னு கனடாக்காரன் சொல்லிட்டான். போனா திரும்பி வருவீகன்னு நம்பிக்கை இல்லைன்னு எழுதியிருந்தான். அன்னைக்கு எங்க வீட்டுல பாயசம். ஆடி வெள்ளின்னு வச்சேன். வேற ஒண்ணும் மனசுல வச்சுச் செய்யல.

இந்தா, தண்ணி குடி. திருமங்கலம் தாண்டிட்டா இனி வெக்கைதான்.

எங்க விட்டேன்? ஆங். எங்க பக்கம் ஒரு பொம்பளை செத்தா பிறந்த வீட்டுக் கோடின்னு ஒண்ணு உண்டுல்ல, உங்க வீட்டுலயும் இருக்கும். பிறந்த வீட்டுலேருந்து புதுச் சேலை கொண்டாந்து அதைத்தான் மேல முதல்ல போத்தணும். அது வராம எடுக்க மாட்டாங்க. எங்க பெரியம்மா ஒருத்தி செத்தப்ப அவ தம்பி கோவிச்சுக்கிட்டு வராம, பொழுது சாயுற வரைக்கும் பொணத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அவ்வளவு முக்கியம் அது. அண்ணன் இல்லைன்னா அண்ணன் பொண்டாட்டி கொண்டு வரணும். ஏன்னா அவதான் அந்த வீட்டு ஆளு. அப்ப நான்? நான் கட்டிக் கொடுத்தவளாம். வேற வீட்டுக்காரியாம். அதே வீட்டுல, அதே அம்மா வயித்துல, அதே கட்டில்ல பிறந்தவ நான். என் சேலை பிறந்த வீட்டுக் கோடி கிடையாது. எங்கேயோ கடையநல்லூர்ப் பக்கத்துலேருந்து வாக்கப்பட்டு வந்தவ, அவ சேலை பிறந்த வீட்டுக் கோடி. இதை எவன் எழுதி வச்சான்னு தெரியல.

நித்திலா சொன்னா, 'பத்து நாள் வரைக்கும் அம்மாவை வச்சிருக்கலாம் சித்தி. நீங்களும் அத்தையும் அவசர விசா கேட்டுப் பாருங்க, துட்டின்னா சீக்கிரம் பார்ப்பாங்க. டிக்கெட் எல்லாம் அப்பா போடுவாரு.' சொன்ன கையோட டாக்டர் சர்டிபிகேட், அங்க பொணம் வச்சிருக்க இடத்துலேருந்து என்னைக்கு எடுக்காங்கன்னு ஒரு கடிதம், எங்க ரெண்டு பேருக்கும் அழைப்புக் கடிதம், எல்லாம் போன்ல அனுப்பி வச்சுட்டா. நல்ல பிள்ளை. அவ அம்மா மாதிரி இல்ல.

பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தோணிசாமி அண்ணாச்சி ஆன்லைன் சேவைன்னு போர்டு போட்டு உக்காந்திருப்பாருல்ல, தெரியும்ல? அங்க போனோம். மதினிக்கு ஒண்ணும் ஓடல. கண்ணு ரெண்டும் வீங்கிப்போய் ஒரு மஞ்சப்பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்தா. 'செண்பகம், எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ என்ன எழுதச் சொல்லுதியோ எழுது, முகத்தை ஒருதரம் பார்த்துட்டாப் போதும்'னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. எனக்கு எரிச்சலா வந்துச்சு. அக்கா என் அக்கா. இவ அழுகுறதைப் பார்த்தா கடைக்கு வந்தவன் எல்லாம் இவளுக்குத்தான் ஆறுதல் சொல்லுதான். 'கூடப்பிறந்தவங்களாம்மா?'ன்னு ஒருத்தன் இவகிட்டக் கேக்கான். பக்கத்துல நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்.

படிவம்னா எனக்குத் தண்ணி பட்ட பாடு. முப்பத்திமூணு வருஷம் அதுலதானே கிடந்தேன். முதல்ல என்னோடதை முடிச்சோம். எங்க ரெண்டு பேரு பேரும் இருக்க பழைய ரேஷன் கார்டு, ரெண்டு பேரோட பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டு, அதுல ஒரே அப்பா பேரு. கூடப்பிறந்தவங்கிறதுக்கு வேற என்ன வேணும்? அண்ணாச்சி, 'அக்கா, உங்களுது பக்காவா இருக்கு'ன்னாரு. பிறகு மதினியோடது. மஞ்சப்பையிலேருந்து என்ன எடுக்கா? கல்யாணப் பத்திரிகை, மூலை கிழிஞ்ச கல்யாண போட்டோ, அண்ணன் டெத் சர்டிபிகேட். அதுகள ஒவ்வொண்ணா எடுத்துத் தடவித் தடவி வைக்கா.

இடையில அவளை போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லி எதிர்த்த கடைக்கு அனுப்பினேன். அப்பதான் அவ படிவத்துல அந்தக் கேள்வி வந்துச்சு. இதுக்கு முன்னாடி எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கா? அண்ணாச்சி என்னைப் பார்த்தாரு. நான் இல்லைன்னு போடச் சொன்னேன்.

ஏன் அப்படிப் பாக்க? நல்லதுக்குத்தான் சொன்னேன். ஒருதரம் மறுத்தாச்சுன்னா ரெண்டாந்தரம் யோசிப்பான்ல? அதைப் போய் நாமளே எடுத்துக் கொடுப்போமா? அண்ணாச்சி, 'மறுத்திருந்தா மறுத்ததுன்னு போட்டுக் காரணத்தை எழுதிரலாம்க்கா, அதுல ஒரு குத்தமும் இல்ல. மறைச்சாத்தான் வம்பு, அஞ்சு வருஷத்துக்கு உள்ள விட மாட்டான்'னாரு. சொன்னாருதான். இல்லைங்கல. ஆனா அவரு கரண்டு பில்லும் பட்டாவும் போடுத ஆளு, அவருக்குக் கனடாவைப் பத்தி என்ன தெரியும்னு நினைச்சேன். இல்லைன்னே போடுங்க அண்ணாச்சின்னேன்.  அவரும் போட்டுட்டாரு. மதினி போட்டோவோட வந்து, காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டா. அவ கையெழுத்து இருக்கே, ஒவ்வொரு எழுத்தா வரைவா. உலகம்மாள்னு முடிக்க அரை மணி நேரம்.

எனக்கு விசா மறுத்ததே கிடையாது. கேட்டாத்தானே மறுப்பான்?

சென்னையில போய் கைரேகை கொடுக்கணும். ரயில்ல போனோம். அங்க ஏசி ஹாலு, டோக்கன், வரிசை வரிசையா நாற்காலி. எல்லாம் படிக்கப் போற பிள்ளைகளா உக்காந்திருக்கு. என் கை வச்ச உடனே மெஷின்ல பச்சை விளக்கு எரிஞ்சுது. மதினிக்கு எரியல. நாப்பது வருஷம் பசையும் மருந்துமா விரல் தேய்ஞ்சு வழுவழுன்னு கிடக்கு, அதுல ரேகை எங்க இருக்கு? அங்க இருந்த பிள்ளை அவ கையைப் பிடிச்சு, துடைச்சு, ஏதோ தைலம் தடவி, 'பரவாயில்ல பாட்டி, மறுபடியும் வைங்க, மறுபடியும் வைங்க'ன்னு எட்டு தடவை வச்சுப் பார்த்தா. கடைசியில எப்படியோ விழுந்துச்சு. அந்தப் பிள்ளை எந்திரிச்சு வந்து மதினியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, 'கவலைப்படாதீங்க, பார்த்துருவீங்க'ன்னா. என் வேலை ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது, என்னை எவ கட்டிப் பிடிச்சா? ஒழுங்கா இருக்கவளுக்கு இந்த உலகத்துல ஒரு மரியாதையும் கிடையாது தாயி.

மூணாம் நாள் எனக்கு வந்துச்சு, பாஸ்போர்ட்டைக் கொண்டாந்து கொடு, விசா ஒட்டித் தாரோம்னு. கொஞ்ச நேரத்துல மதினிக்கும் வந்துச்சு. இல்லைன்னு. இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம். முன்னாடி மறுத்ததை மறைச்சிருக்கீக, உண்மையைச் சொல்லல, அஞ்சு வருஷத்துக்கு வர முடியாதுன்னு தெளிவாப் போட்டிருந்தான்.

எனக்கு அன்னைக்கு மனசுல என்ன ஓடுச்சுன்னு உள்ளதைச் சொல்லுதேன். இந்த ஊருக்காரனுகளுக்குத் தெரியாட்டியும் அந்த நாட்டுக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு யாரு சொந்தம்னு. அப்படித்தான் ஓடுச்சு. கூடப்பிறந்தவளுக்கு உண்டு, வாக்கப்பட்டு வந்தவளுக்கு இல்ல. அறுபத்தியொரு வருஷத்துல முதத்தடவை என்னை முன்னாடி நிறுத்தி அவளைப் பின்னாடி தள்ளியிருக்கான் ஒருத்தன்.

மதினி அந்தக் காகிதத்தைக் கொண்டாந்து என்கிட்டதான் கொடுத்தா. வேற யாரு இருக்கா வாசிச்சுச் சொல்ல? மகன் திருப்பூர்ல, மருமகளுக்கும் இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது. 'என்னத்துக்காம் செண்பகம்?' நான் கண்ணாடியைப் போட்டு மெதுவா வாசிச்சேன். 'என் ரேகை சரியா விழல, அதனாலயா?'ன்னு அவளே கேட்டா. கையை இப்படி விரிச்சுப் பார்த்துக்கிட்டுக் கேட்டா.

அப்படித்தான் இருக்கும் மதினின்னேன்.

வேற என்ன சொல்லச் சொல்லுத? நான் போட்டதுன்னு சொன்னா மட்டும் விசா வந்திருமா? அஞ்சு வருஷம் கழிச்சு அவ அங்க போய் யாரைப் பார்க்கப் போறா? அவ ஒண்ணும் சண்டை போடல. 'சரி, நீயாவது பார்த்துட்டு வா. முகத்தை நல்லாப் பாரு. வந்து எனக்குச் சொல்லு'ன்னா. அவ்வளவுதான்.

இதுல ஒண்ணு கவனிச்சியா? கோடி! கோடியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. 'இந்தா செண்பகம், நான் வர முடியல, என் சேலையைக் கொண்டு போய்ப் போத்து'ன்னு கொடுக்கணும்ல? கொடுக்கல. நான் இன்னைக்குக் கொடுப்பா, நாளைக்குக் கொடுப்பான்னு பார்த்தேன். கிளம்புத அன்னைக்கு ஒரு டப்பாவுல சுக்குப்பொடி கொடுத்தா, நித்திலாவுக்குத் தலைவலின்னா பத்துப் போட. அம்புட்டுதான். பெரிய பிறந்த வீட்டுக்காரி! எனக்கு உள்ளுக்குள்ள குளிர்ந்துபோச்சு, பொய் சொல்ல மாட்டேன். கடைக்குப் போய் பார்த்துப் பார்த்து ஒரு பட்டு எடுத்தேன். அரக்குக் கலரு, பச்சைக் கரை. முந்தியில மஞ்சள் தடவி மடிச்சு வச்சேன். இதுதாண்டி பிறந்த வீட்டுக் கோடி, நானும் அந்த வீட்டுல பிறந்தவதான், யாரு கேக்கப் போறாங்கன்னு.

விருதுநகரா இது? அதுக்குள்ளயா? சரி சரி, கேளு.

பிளேன்ல என்ன கொடுத்தாங்க, எத்தனை மணி நேரம், அதெல்லாம் விடு. நித்திலா வந்து கூட்டிட்டுப் போனா. வீடா அது? நாலு பேரு இருக்க வீட்டுல அஞ்சு கக்கூஸ். பாத்திரம் கழுவ ஒரு மெஷின், கழுவினதைக் காய வைக்கவும் அதே மெஷின். எங்க அக்கா இந்த ஊருல இருக்க வரைக்கும் குழாயடியில குடத்தோட நின்னவ. சமையல்கட்டுல பிரிட்ஜ் மேல முழுக்க போட்டோவா ஒட்டி வச்சிருக்கா. போனதும் அதைத்தான் பார்த்தேன். அண்ணனும் மதினியும் நெல்லையப்பர் கோயில் முன்னாடி. மதினி தனியா ஒண்ணு, முறத்துல என்னத்தையோ புடைச்சுக்கிட்டு. மதினி பேரன். மதினி வீட்டு ஆடு. ஆடு தாயி! நான் ஒண்ணுல இருந்தேன். எங்க அப்பா அம்மா அறுபதாம் கல்யாணத்துல, பத்துப் பேருக்குப் பின்னாடி, பாதி தலை.

மறுநாள் அந்தப் பொணம் வைக்கிற இடத்துக்குப் போனோம். நம்ம ஊரு மாதிரி இல்ல. கல்யாண மண்டபம் மாதிரி கம்பளம் விரிச்சு, நாற்காலி போட்டு, மெதுவாப் பாட்டு ஓடுது. ஒருத்தரும் வாய்விட்டு அழல. முன்னாடி பெட்டி, மூடி திறந்திருக்கு. நான் என் சேலையை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நேரா முன்னாடி போனேன்.  எல்லாரும் என்னையே பாக்காங்க. கூடப்பிறந்தவ வந்துட்டா, பிறந்த வீட்டுக் கோடியோட வந்துட்டான்னு.

நித்திலா வந்து என் கையைப் பிடிச்சா. 'சித்தி, கோடி போட்டாச்சு'ன்னா.

யாரு போட்டா? எனக்கு விளங்கல.

'அத்தை கொடுத்ததுதான் சித்தி. நாலு வருஷத்துக்கு முன்னாடி அம்மா ஊருக்கு வந்தாங்கள்ல, அப்பவே கேட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க. அத்தைகிட்ட, உங்களுக்கு ஒருதரம் விசா இல்லைன்னுட்டான் மதினி, எனக்கு ஒண்ணுன்னா நீங்க வந்து சேர முடியாது, இப்பவே உங்க கையால கொடுத்துருங்கன்னு கேட்டிருக்காங்க. அத்தை முதல்ல மாட்டேன்னு அழுதாங்களாம். பிறகு அம்மாதான் சமாதானம் பண்ணி வாங்கிட்டு வந்தாங்க. இதைத்தான் போத்தணும்னு என்கிட்டக் காட்டி வச்சிருந்தாங்க.'

கேட்டியா இதை? உயிரோட இருக்கவ தன்னோட கோடியை முன்கூட்டியே கேட்டு வாங்குவாளா? எந்த ஊருலயாவது நடக்குமா? கேட்டவளும் கேட்டா, இவளும் எடுத்துக் கொடுத்திருக்கா. அந்தத் தடவை அக்கா எங்க வீட்டுலயும்தான் நாலு நாள் இருந்தா. நான் நாட்டுக்கோழி அடிச்சுப் போட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இவ நாலு வருஷமா எனக்கு எதிர்ல உக்காந்து காப்பி குடிக்கா, அந்தோணிசாமி கடையில பக்கத்துல உக்காந்திருக்கா, சென்னை வரைக்கும் ஒரே ரயில்ல வாரா, மூச்சு விடல. அந்தச் சேலை அங்க போய் நாலு வருஷமாக் காத்துக் கிடந்திருக்கு. விசாவும் கேக்கல, ரேகையும் கேக்கல. நான் என்னத்துக்கு இவ்வளவு பாடுபட்டேன்?

எனக்கும் எங்க அக்காவுக்கும் நடுவுல அந்த மாதிரி ரகசியம் ஒண்ணு கிடையாது தாயி. ஒண்ணே ஒண்ணுகூடக் கிடையாது.

சேலை என்ன சேலை தாயி? சாதாரண நூல் சேலை. மாம்பழக் கலரு, மெரூன் கரை, சின்னச் சின்னக் கட்டம். முந்தி மூலையில மஞ்சள் காஞ்சு பழுப்பா நிக்குது. கழுத்துலேருந்து கீழ வரைக்கும் ஒரு சுருக்கம் இல்லாம போத்தியிருந்தாங்க. கரையில ஒரு இடத்துல நூல் விட்டிருந்துச்சு, அதை யாரோ அதே கலர் நூலால தச்சிருக்காங்க. அக்காவாத்தான் இருக்கும், எடுத்து எடுத்துப் பார்த்திருப்பா. நான் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். என் பட்டை நித்திலா வாங்கிக் கால்மாட்டுல வச்சா. நான் நின்ன இடத்தைவிட்டு நகரல. பின்னாடி ஆளுக வந்து வந்து போறாங்க, நான் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டே நிக்கேன். பெரிய துக்கம்னு நினைச்சிருப்பாங்க. அத்தான்கூட வந்து தோளைத் தட்டிட்டுப் போனாரு. கடைசியில ஒருத்தன் வந்து மூடியைப் போட்டான். ஒரு பொத்தானை அமுக்கினாங்க, பெட்டி உள்ள போயிருச்சு.

அங்கேருந்து போன்ல நேரலையாக் காட்டினாங்க. ஹாலுக்குப் பின்னாடி எங்கேயோ காமிராவை வச்சிருந்திருக்காங்க. மதினி, அவ மருமக போனை வச்சு விடிய விடிய பார்த்திருக்கா. மறுநாள் போன்ல, 'உன் முதுகு தெரிஞ்சுது செண்பகம், அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல'ன்னா. கோவமாச் சொல்லல, சும்மா சொன்னா. போட்டோவும் இல்ல. செத்த முகத்தை யாரும் படம் எடுக்கக்கூடாதுன்னு அக்கா சொல்லி வச்சிருந்தாளாம்.

இப்ப மதுரையில இறங்கினதும் முதப் போன் அவதான். 'வெந்நி போட்டு வச்சிருக்கேன், நேரா நம்ம வீட்டுக்கு வந்து குளி. பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்'னா. பிறகு கேட்டா, 'முகம் எப்படி இருந்துச்சு?' நான் சிக்னல் கிடைக்கலன்னு வச்சுட்டேன். மறுபடி ரெண்டு தடவை அடிச்சா. எடுக்கல.

சாத்தூர் வந்துட்டா இன்னும் அரை மணி நேரந்தான். இறங்கின உடனே பையை வாங்குவா, அதைத்தான் கேப்பா. நான் மதுரையிலேருந்து யோசிச்சுக்கிட்டே வாரேன். சேலையில எத்தனை கட்டம்னு கேட்டா சொல்லிருவேன். கரை எத்தனை விரக்கடைன்னு கேட்டாச் சொல்லிருவேன். பொட்டு வச்சிருந்தாங்களா? தெரியல. மூக்குத்தி? அவளுக்கு எப்பவும் கிடக்கும், அன்னைக்குக் கிடந்துச்சா, கழட்டிட்டாங்களா? முடி எப்படிச் சீவியிருந்தாங்க? நாலு வருஷத்துல மெலிஞ்சிருந்தாளா? ஒண்ணும் வர மாட்டேங்குது தாயி. இருபது மணி நேரம் பறந்து போய், ஒரு முழத்துல நின்னு, நான் எங்க அக்கா முகத்தை நிமிந்து பார்க்கவே இல்ல.

நீ செத்தவங்களைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கியா? உங்க ஆச்சியா? வீட்டுலயே வச்சுப் பார்த்தியா? எப்படி இருந்தா? கண்ணு முழுசா மூடியிருந்துச்சா, வாய் சிரிச்ச மாதிரி இருந்துச்சா? மெதுவாச் சொல்லு, ஒண்ணுவிடாமச் சொல்லு. நான் அதையே மதினிகிட்டச் சொல்லிருதேன்.